மூன்று பன்னிரண்டுக்கு நின்ற லப்டொப்

— மூக்கைப் பொத்திக்கொண்டு நிக்கிறதெண்டால் வெளியில போய் நில்லுங்கோ அம்மா. இமெல்டா அக்கா இப்பதான் அடிமூடியைக் கழட்டுறா. அவவைக் குழப்பாதையுங்கோ.

— வெளியில எங்கை நிக்கிறது நிருஷா, காலி வீதி பஸ் புகைக்குள்ளையோ? சீ, உதென்ன நாத்தம். பிள்ளை, உங்கடை கடையில எலி கிலி செத்துக் கிடக்குதோ?

— என்ட கடையில எலி இல்ல அன்ட்டி. நாத்தம் வாறது ஒங்க வீட்டு லப்டொப்புக்குள்ள இருந்து. இந்தா, மூடி வந்திருச்சு. லைட்டுக்குக் கீழ வந்து ரெண்டு பேரும் பாருங்க.

— ஐயோ. அது என்னக்கா கறுப்பா?

— கரப்பான் கால், மகள். இது செட்டை. இந்த மூலையில இருக்கிறது முட்டைக் கூடு. ஒண்ணு, ரெண்டு, ஐயோ, மூணு. ஃபான் இலையில தலைமயிர் சுத்தி, அதுக்கு மேல எண்ணெய்ப் பிசுக்கு, அதுக்கு மேல தூசி. இந்தக் கம்பி வழியாத்தான் சூடு வெளிய போகணும். அது மெத்தை மாதிரி அடைச்சுப் போயிருக்கு. மூச்சு விட ஏலாமத்தான் இவ்வளவு நாளும் கத்தியிருக்கு.

— சீச்சீ. எங்கடை வீட்டிலை கரப்பான் இல்லைப் பிள்ளை. நாளுக்கு ரெண்டு தரம் கூட்டித் துடைக்கிறனான். வாற சனம் செருப்பை லிஃப்ற்றுக்குள்ளையே கழட்டினால்தான் எனக்கு நிம்மதி. உது கனடாவிலயிருந்து வரேக்கையே உள்ளுக்கை இருந்திருக்கும்.

— கனடாக் கரப்பான் எனக்குத் தெரியாது அன்ட்டி. இது நம்ம ஊர்ச் சாதி. நான் ஒரு நாளைக்கு நாலு பார்க்கிறேன்.

— அம்மா, முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைக்காதையுங்கோ. ஃபிரிட்ஜ் கதையை அக்காவுக்குச் சொல்லுங்கோ.

— அதில என்ன கதை கிடக்குது? சூடு சூடு எண்டு கத்தினாய். சூடான சாமானைக் குளிருக்கை வைக்கிறது உலக வழக்கம்தானே. கால் மணித்தியாலம் ஃபிரிட்ஜுக்கை வைச்சனான்.

— எத்தன தடவை அன்ட்டி?

— ஒரு கிழமையாய், பின்னேரத்தில. மரக்கறித் தட்டிலதான் பிள்ளை. சூடை மீன் மேல் தட்டில கிடந்தது. அது வேறை தட்டு.

— யேசுவே. மேல் தட்டுத் தண்ணி கீழ ஒழுகியிருக்கு. இந்தப் பச்சையைப் பாருங்க, துரு. குளிர்ல இருந்து எடுத்ததும் உள்ளுக்கு எல்லாம் வேர்த்துப் போகும். எங்க பிறெடி அண்ணன் கோட்டாஞ்சேனையில மீன் விக்கிற மனுசன். அவர் கூட தன்ட போனை மீனோட வைக்க மாட்டார்.

— கோட்டாஞ்சேனையோ நீங்கள்? அதுதான் பாத்தன். அந்தப் பக்கம் எனக்கு ஒத்துவராது பிள்ளை. ஒருக்கா ஒரு செத்தவீட்டுக்குப் போனனான். வந்து மூண்டு தரம் முழுகினனான்.

— அம்மா, உங்களைக் கும்பிட்டன். அக்கா, நீங்கள் அவ சொல்லுறதைக் காதில வாங்காதையுங்கோ. எனக்கு ரெண்டரைக்கு இன்ரவியூ. அதுக்கிடையில இது சத்தமில்லாமல் ஓட வேணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்.

— இப்ப பதினொண்ணு ஆகுது. டைம் இருக்கு. அதுக்கு முன்ன ஒண்ணு கேக்கிறேன் மகள், போன்ல பேச ஏலாதா?

— ஏலாது. நான் படிச்சது புள்ளிவிபரம். இன்ரவியூ எடுக்கிறவை ஒரு கணக்குத் தந்து, நான் செய்யச் செய்யப் பாத்துக்கொண்டிருப்பினம். போன மாசமும் இதே இடம்தான் கூப்பிட்டது. அரைவாசி நல்லாப் போச்சுது. பிறகு ஃபான் இரையத் தொடங்கீட்டுது. எயார்போட்டில இருந்தோ கதைக்கிறீங்கள் எண்டு ஒருத்தர் கேட்டுச் சிரிச்சவர். நான் அடுத்த கேள்விக்கு வாயைத் திறக்க, இது அப்பிடியே கறுத்து நிண்டு போச்சுது. திருப்பிப் போடேக்கை அவை போயிட்டினம். கெஞ்சி மெயில் எழுதித்தான் இண்டைக்கு இன்னொருக்காத் தந்தவை. இதுதான் கடைசி எண்டும் எழுதிப்போட்டினம்.

— சூட்டுல தானா அணைஞ்சிருக்கும். ரொம்பச் சூடானா, எரிஞ்சு போகாம இருக்கிறதுக்கு மிசினே தன்னை அணைச்சுக்கும். சரி, அழுதுகிட்டு நிக்காதீங்க. வெள்ளவத்தையில முக்கால்வாசி லப்டொப்பு இப்பிடித்தான் வருது. கடல் உப்பு, சாம்பிராணிப் புகை, தாளிச்ச எண்ணெய். முதல்ல இதெல்லாத்தையும் ஊதி எடுப்போம். அன்ட்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பறக்கும்.

— சீ, என்ரை சாறியில. உதை வாசலுக்கு வெளியில வைச்சு ஊதக் கூடாதோ? நிருஷா, நான் அப்பவே சொன்னனான். இதுக்கு இவ்வளவு பாடுபட வேணுமோ? இன்னும் அஞ்சாறு மாசத்தில விசா வந்திடும். அங்கை போனாப் பிறகு இஞ்சத்தை வேலை ஆருக்கு?

— அஞ்சாறு மாசம் எண்டு நீங்கள் சொல்லத் தொடங்கி ரெண்டு வருசம் அம்மா. ரெண்டு வருசமா நான் அந்த அறைக்குள்ள இருந்து சுவரைப் பாக்கிறன்.

— யாரு மகள் கனடாவில?

— அபிஷன் எண்டு. எனக்குப் பேசினவர். கலியாணப் பதிவு எழுத்து முடிஞ்சுது, தாலி இன்னும் கட்டேல்லை. என்னை அங்கை கூப்பிடுற பொன்சர் அலுவல் முடியுமட்டும் யாழ்ப்பாணத்தில இருக்காமல் இஞ்சை கொழும்புக்கு வந்து ஃபிளாட் எடுத்து இருக்கிறம். இந்த லப்டொப்பும் ரெண்டு வருசத்துக்கு முதல் அவர் அனுப்பினதுதான்.

— ‘எனக்குப் பேசினவர்’ எண்டு சொல்லுறாள் பிள்ளை. என்ரை அவர் எண்டு சொன்னால் வாய் கோணிப்போகுமோ? தங்கமான பொடியன். இண்டைய வரைக்கும் என்னை மாமி எண்டுதான் கூப்பிடுறது. உந்த லப்டொப்பைக் கூட, எல்லாம் போட்டு, பாஸ்வேட்டும் போட்டு, இவள் திறந்தவுடனை பாவிக்கிற மாதிரி அனுப்பினவர்.

— நல்லது. இந்தப் பாருங்க, இந்த வெள்ளைப் பசை. இதுதான் சூட்டை சிப்புல இருந்து இந்தச் செப்புக் குழாய்க்குக் கடத்துறது. காஞ்சு சுண்ணாம்பாப் போயிருக்கு. சுரண்டிப் புதுசு பூசுறேன். ரெண்டு வருசத்துல இப்பிடிக் காயாது. இது எந்த நேரமும் ஓடுதா?

— ஓம் அக்கா. ராவும் பகலும் ஓடுது. அவர் நிப்பாட்ட வேண்டாம் எண்டு சொன்னவர். அப்டேற் நடக்குமாம், இடையில நிப்பாட்டினால் பழுதாப் போகுமாம். மூடியையும் சாத்தக் கூடாதாம்.

— மூடியைச் சாத்தினா என்னா வரும்? ஒரு அப்டேட் அரை மணித்தியாலம். ரெண்டு வருசமா நடக்கிற அப்டேட்டை நான் கேள்விப்பட்டதில்ல.

— எனக்கும் அது விளங்கேல்லை. ஆனா அவர் அங்கை கொம்பியூட்டர் வேலை. நான் என்னத்தைக் கண்டன்? சத்தம் கூட எண்டு சொல்லேக்கை எல்லாம், சனிக்கிழமைகளில அங்கையிருந்தே உள்ளுக்கை வந்து பாப்பார். மவுஸ் தன்பாட்டில ஓடித்திரியும். கடையில குடுக்காதை, கடைக்காரர் உன்ரை படங்களை எடுத்துப்போடுவாங்கள் எண்டும் சொன்னவர். இண்டைக்கு அவருக்குச் சொல்லாமல்தான் கொண்டு வந்தனான்.

— உன்ரை நன்மைக்குத்தானே சொன்னவர். ஊர் உலகத்தில என்னென்ன ஊத்தை வேலை நடக்குது.

— அன்ட்டி, நான் இந்தக் கடையைப் பதினாலு வருசமா வச்சிருக்கேன். ஊருல உள்ள முக்கால்வாசிக் கல்யாணப் படம் என்ட கையால போயிருக்கு. ஒண்ணும் வெளிய போனதில்ல. சரி, பசை பூசியாச்சு. மூடிட்டு இன்னொண்ணு சொல்றேன் மகள், கேட்டுக்கங்க. இதைக் கட்டில்ல வைக்காதீங்க, பலகையில வைங்க. பின்பக்கக் காலுக்குக் கீழ ரெண்டு சோடா மூடியை ஒட்டுங்க. அந்த இடைவெளி போதும், காத்து போகும். ஈரத் துணி, ஐஸ், ஒண்ணும் வேணாம். அப்புறம் இந்த செட்டிங்ல வேகத்தை நூறுல இருந்து தொண்ணூத்தொம்பதுக்கு இறக்கிவிட்டா, சும்மா சும்மா மூச்சு வாங்கி ஓடுறதை நிப்பாட்டும். வித்தியாசம் ஒங்களுக்குத் தெரியாது, ஃபானுக்குத் தெரியும்.

— சரியக்கா. அந்தப் போர்வையைப் பற்றியும் அம்மாவுக்குச் சொல்லுங்கோ. நான் சொன்னால் கேக்க மாட்டா.

— என்னா போர்வை?

— அம்மா பழைய போர்வையை நாலா மடிச்சு உறை ஒண்டு தைச்சு வைச்சிருக்கிறா. நான் எழும்பி அங்காலை போனால் போதும். ஓடிவந்து இதை மூடிப்போடுவா. ஓடிக்கொண்டிருக்கிறதை.

— தூசிக்குத்தான் மூடினனான் பிள்ளை. இரைச்சலுக்கும்தான். காதுக்கை நிண்டு அரியண்டம் பண்ணும்.

— காய்ச்சல்காரனுக்கு மேல மெத்தையைப் போட்ட மாதிரி அது. மூடினதுலதான் பாதிச் சூடு. ஓடுற மிசினை ஒருநாளும் மூடக் கூடாது அன்ட்டி. சரி, போடுறேன். சத்தத்தைக் கேளுங்க.

— ஒண்டும் கேக்கேல்லையக்கா.

— அதான். சுத்துது, சத்தம் இல்ல. நம்ம கடை நெட் லைனைக் குடுத்து ரெண்டு நிமிசம் விட்டுப் பாப்போம். அதுக்குள்ள பிளேன்டி குடிக்கிறீங்களா ரெண்டு பேரும்?

— எனக்கு வேண்டாம் பிள்ளை. வெளியில நான் வாயில ஒண்டும் வைக்கிறேல்லை. அதுவும் உந்தக் கோப்பையில.

— அம்மா. அக்கா, எனக்குத் தாங்கோ. ஐயோ, இருங்கோ. திருப்பித் தொடங்கீட்டுது.

— ம். கேக்குது. ஒரு ஊத்தையும் இல்ல, புதுப் பசை, ஒரு புரோகிராமும் திறக்கல்ல. இது ஏன் இப்பிடி ஓடணும்? மகள், நீங்க ஏதாவது டவுன்லோட் போட்டிருக்கீங்களா?

— இல்லை. நான் என்ரை கணக்கு வேலையும், அவரோட கதைக்கிறதும் தவிர ஒண்டும் செய்யிறேல்லை.

— என்னென்ன ஓடுதுன்னு பாப்போம். சரி. இந்தா, முதல்ல நிக்கிறாரு ஒருத்தரு. சிஸ்டம்ட பேரு மாதிரி வச்சிருக்கு, ஆனா இது சிஸ்டம் இல்ல. மிசின்ட சக்தியில எழுபது வீதம் இது ஒண்ணே தின்னுது. இப்ப நான் இதை அணைக்கிறேன். போச்சு. சத்தம் குறையுது, கேக்குதா? ஒண்ணு, ரெண்டு, மூணு. திரும்பித் தானா வந்திருச்சு.

— வைரஸோ அக்கா?

— சும்மா வைரஸ் இல்ல. இது வெளிய அனுப்புது. நான் லைன் குடுத்த நிமிசத்துல இருந்து அனுப்புது. இவ்வளவு பெருசா அனுப்புறதுன்னா அது வீடியோ. வீடியோவைச் சுருக்கிச் சுருக்கி அனுப்புறதுதான் இந்தச் சூடு, இந்தச் சத்தம் எல்லாம். அன்ட்டி, இந்தக் கமராப் பக்கத்துல சின்னப் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டியிருக்கு. அதை எடுக்கணும்.

— அதைத் தொடாதையுங்கோ பிள்ளை. சாமிப் படம். புதுச் சாமானுக்கு நாங்கள் ஒட்டுறது வழக்கம். உரிக்கப்படாது.

— சாமிக்கு ஒண்ணும் ஆகாது. நகத்தால மெல்லமா எடுத்து, இந்தா, பக்கத்துலயே ஒட்டுறேன்.

— அக்கா, அந்த லைற்.

— ஆ. அந்த லைட்டுத்தான். கமரா ஓடினா இது எரியும். இதை யாராலயும் அணைக்க ஏலாது. அதனாலதான் மறைச்சிருக்காங்க. நான் முதல்ல லைனைப் புடுங்குறேன். இப்ப வெளிய ஒண்ணும் போகாது. உக்காருங்க மகள்.

— ரெண்டு வருசம். ரெண்டு வருசமா இது பாத்துக்கொண்டிருந்ததோ அக்கா?

— தேதி பாக்கிறேன். முதல் நாள்ல இருந்து இருக்கு. இங்க வந்து சேந்தப்பவே உள்ளுக்கு இருந்திருக்கு. படமும் அனுப்புது, பேச்சும் அனுப்புது. வேலியே பயிரை மேஞ்சிருக்கு, வேற என்னத்தைச் சொல்ல.

— அதுதான் அக்கா. அதுதான். துஷ்யந்தி வீட்டுக்கு வந்து போனால், அடுத்த நாள் அவர் கேப்பார், உன்ரை சிநேகிதி அந்த நேரமட்டும் ஏன் நிண்டவ எண்டு. சிவத்தச் சட்டை போட்டால், அது உனக்கு வடிவில்லை எண்டு சொல்லுவார். நான் அந்தச் சட்டையோட அவரோட கதைச்சதே இல்லை. நான் அம்மாவைத்தான் சந்தேகப்பட்டனான். நீங்கள்தானே கோள் சொல்லுறீங்கள் எண்டு சண்டை பிடிச்சு, ரெண்டு நாள் சாப்பிடாமல் கூடக் கிடந்தனான்.

— நான் ஒருநாளும் கோள் சொன்னதில்லை.

— ஓம் அம்மா, நீங்கள் சொல்லேல்லை. நான் உங்களை அநியாயமாப் பேசிப்போட்டன். சீ, எனக்கு என்ரை உடம்பையே கழட்டிக் கழுவ வேணும் மாதிரிக் கிடக்குது. அக்கா, அந்த ஸ்ரிக்கர். அவர் கனடாவில. ஸ்ரிக்கரை இஞ்சை ஒட்டினது ஆர்?

— ஒங்க அம்மாதான் சொல்லணும் மகள். அவங்கதான் உரிக்க வேணாம்னு சொன்னாங்க.

— நான்தான் ஒட்டினனான். அதுக்கு இப்ப என்ன? அபிஷன் தம்பிதான் அந்த இடத்தில ஒட்டச் சொன்னவர், மாமி கண்ணூறு படாமல் எண்டு.

— கண்ணூறு. அப்ப உங்களுக்கு அங்கை லைற் எரியிறது தெரியாது?

— எனக்கு லைற்றும் தெரியாது, மண்ணாங்கட்டியும் தெரியாது. ஒரு நல்ல பொடியன் தன்ரை மனுசியை ஒருக்காப் பாக்க ஆசைப்பட்டால் அது ஒரு கொலைக் குற்றமோ? எழுத்து முடிஞ்சுது. சட்டப்படி புருசன். புருசன் பெண்சாதியைப் பாக்கிறதில என்ன ஊத்தை கிடக்குது?

— அம்மா, அது நான் உடுப்பு மாத்திற அறை.

— அதுக்குத்தானே நான் ஓடி ஓடி மூடினனான். நீ துவாயோட வர முதல் போர்வையைப் போட்டிடுவன். ஒருநாளும் நான் தவற விடேல்லை. தாலி கட்டுமட்டும் அதெல்லாம் கூடாது எண்டு எனக்குத் தெரியாதோ?

— யேசுவே.

— திருப்பிச் சொல்லுங்கோ அம்மா.

— என்னத்தைத் திருப்பிச் சொல்ல?

— பாக்கிறான் எண்டு தெரிஞ்சுதான் மூடினீங்கள். முதல் நாளில இருந்தே தெரியும். தூசிக்கு இல்லை, இரைச்சலுக்கும் இல்லை.

— தம்பி என்னட்டை முறையாக் கேட்டவர். மாமி, நீங்கள் கோயிலுக்குப் போற நேரம் அவ தனிய இருக்கிறா, கொழும்பில ஆரை நம்புறது, ஒரு கண் வைச்சுக்கொள்ளட்டோ எண்டு. எங்கடை ஒழுங்கையில லோகேஸ்வரியின்ரை பெட்டை எழுத்து முடிஞ்சாப் பிறகு வேறை ஒருத்தனோட போகேல்லையோ? எனக்கும் பயம்தானே. நல்லது எண்டு சொன்னனான்.

— வெள்ளிக்கிழமைகளில நீங்கள் கோயிலுக்குப் போறனீங்கள். அந்த நேரம் நான் முழுகிப்போட்டு வாறனான். அப்ப ஆர் வந்து மூடினது?

— நேரம் போகுது, பையை எடு நிருஷா.

— அன்ட்டி, பிள்ளை கேக்குது. பதில் சொல்லுங்க.

— நீர் உம்மடை வேலையைப் பாரும். இது எங்கடை குடும்ப விசயம்.

— இது என்ட மேசையில நடக்கிற விசயம். நான் மீன் நாத்தத்தையும் பாத்தேன், கரப்பான் முட்டையையும் கையால அள்ளினேன். அருவருக்கல்ல. இப்ப ஒங்க பக்கத்துல நிக்க எனக்கு அருவருக்குது. தள்ளி நில்லுங்க. மகள், நான் ஒண்ணு கேக்கிறேன். போன மாசம் அந்த இன்டவியூல நிண்டு போச்சுன்னீங்களே, என்னைக்கு?

— வெள்ளிக்கிழமை. இருபதாந் திகதி. பின்னேரம் மூண்டு மணிக்குப் பிறகு.

— ஒவ்வொரு தடவை அணையும்போதும் மிசின் தனக்குள்ள எழுதி வைக்கும். சூட்டுல திடீர்னு செத்தா, எப்பிடிச் செத்தேன்னு தெரியாதுன்னு எழுதும். இருபதாந் தேதி. மூணு பன்னிரண்டு. ம்.

— என்னக்கா எழுதியிருக்குது?

— சூடு இல்ல மகள். சூட்டுல சாகல்ல. அந்தப் புரோகிராம் வழியா யாரோ முறைப்படி அணைச்சிருக்காங்க. வெளியில இருந்து.

— மூண்டு பன்னிரண்டு. அண்டைக்கு அங்கை எத்தினை மணி?

— விடியக் காலம். அஞ்சே முக்கால் கிட்ட.

— அஞ்சே முக்காலுக்கு எழும்பி இருந்து கேட்டிருக்கிறான். நான் என்னென்ன சொல்லுறன், அவை எப்பிடிச் சந்தோசப்படுகினம் எண்டு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்து, வேலை கிடைக்கப் போகுது எண்டு தெரிஞ்ச நேரம் பாத்து அமத்தியிருக்கிறான். அண்டைக்குப் பின்னேரம் அவனே கோல் எடுத்து என்ன கதைச்சவன் தெரியுமோ அக்கா? நான் அழ அழ, பரவாயில்லை, லப்டொப் சூடாகினால் அப்பிடித்தான், நீ கவலைப்படாதை, அங்கை வந்தாப் பிறகு நல்லதா ஒண்டு வாங்கித் தாறன் எண்டு சொன்னவன். நான் நன்றி சொன்னனான். அவனுக்கு நான் நன்றி சொன்னனான்.

— அழாதீங்க. இதைக் கேளுங்க. நான் இந்த மிசினை அடியோட அழிச்சுப் புதுசாப் போடுறேன். ஒங்க பைல் எல்லாத்தையும் முதல்ல வேறயா எடுத்து வைக்கிறேன். அந்தப் புரோகிராம் இருந்ததுக்கும் படம் புடிச்சு வைக்கிறேன், நாளைக்குப் பொலிசுக்குப் போனா வேணும். ஒண்ணரைக்கு முடியும். நீங்க வீட்டுக்குப் போகத் தேவையில்ல. பின்னால என்ட அறை இருக்கு, கதவைச் சாத்தினா தெருச் சத்தம் வராது. ரெண்டரைக்கு அங்க உக்காந்து பேசுங்க. நான் ஷட்டரைப் பாதி இறக்கி வச்சுக் காவல் நிக்கிறேன்.

— உண்மையாவோ அக்கா?

— உண்மையா. இந்த ஃபான் இன்னைக்குச் சத்தம் போடாது. நான் பொறுப்பு.

— நிருஷா, இஞ்சை பார். ஆத்திரத்தில ஒண்டும் செய்யாதை. வீட்டை போய்க் கதைப்பம். பிழைதான் எண்டு வைச்சுக்கொள்ளு. ஆம்பிளை, ஏதோ ஆசையில செய்துபோட்டார். விசாவுக்குக் கடுதாசி எல்லாம் குடுத்தாச்சு. மண்டபம் கூடப் பாத்தாச்சு.

— மண்டபத்தில நீங்கள் போய் இருங்கோ அம்மா. அக்கா, என்ரை போனைத் தாங்கோ. அந்தப் பையிக்குள்ள கிடக்குது.

— யாருக்கு மகள்?

— அவனுக்கு. நித்திரையில இருந்து எழுப்பி, ஒரேயொரு கேள்வி கேக்கப் போறன். மூண்டு பன்னிரண்டுக்கு ஏன் அமத்தினாய் எண்டு. அவன்ரை வாயால கேட்டிட்டு, எழுத்தை ரத்துச் செய்யிறன். இப்ப, இந்த மேசையிலயே.

— நிருஷா, கோல் அடிக்காதை.

— விடுங்கோ அம்மா கையை.

— அடிக்காதை பிள்ளை. அவரிட்டை அதைக் கேளாதை.

— ஏன்? இன்னும் என்னத்தை மறைக்கப் போறீங்கள் அவனுக்காக?

— அவருக்காக இல்லை. அண்டைக்குக் கோயில் வாசலில நிண்டு ரெலிபோன் அடிச்சு அவரை நித்திரையால எழுப்பினது நான். இந்த வேலை கிடைச்சால் இவள் உங்களிட்டை வரமாட்டாள், உடனை நிப்பாட்டுங்கோ எண்டு சொன்னதும் நான்தான். ‘பாவம் மாமி, அவ கதைச்சு முடிக்கட்டும்’ எண்டுதான் அவர் சொன்னவர். நான்தான் விடேல்லை.